உதவி: எலக்ட்ரான் சேர்த்த குப்ரேட் பெல்லட் மீகடத்தி ஆகமாட்டேங்குது

நொய்யல்கரை:
வணக்கம்ங்க. கோவையில் முதுகலை புராஜெக்ட். சரக்கு நியோடிமியம் சீரியம் காப்பர் ஆக்சைடு (காப்பர்-ஆக்சிஜன் தளங்கள் உள்ள குப்ரேட் வகை), சீரியம் அளவு 0.15. தூளை அழுத்தி பெல்லட் (வில்லை) போட்டு 1,050 டிகிரியில் சின்டர் செய்து (சூட்டில் இறுக வைத்து), கடைசியில் சீனியர்கள் ஒய்பிசிஓவுக்கு (யிட்ரியம் பேரியம் காப்பர் ஆக்சைடு) செய்வதுபோல ஆக்சிஜன் ஓட்டத்தில் 500 டிகிரியில் வைத்தேன். எக்ஸ்ஆர்டி (படிக அமைப்பைக் காட்டும் எக்ஸ்-கதிர் சோதனை) சுத்தம். ஆனால் 5 கெல்வின் வரை குளிர்வித்தும் மின்தடை பூச்சியமாகி மீகடத்தாமல், ஏறிக்கொண்டே போகிறது. எங்கே இடிக்கிறது?

சென்னிமலையான்:
திரவ நைட்ரஜனில் முக்கி, மேலே காந்தம் மிதக்கிறதா பாருங்க தம்பி, மிதந்தால் மீகடத்திதான்.

பவானி_லேப்:
மிதக்காதுங்கண்ணா. நைட்ரஜன் 77 கெல்வின். இந்தச் சரக்கு நன்றாக அமைந்தாலே 24 கெல்வின் அளவில்தான் மீகடத்தும்.

தம்பி, சிக்கல் அந்த ஆக்சிஜன்தான். ஒய்பிசிஓவுக்கு ஆக்சிஜன் ஊட்ட வேண்டும், இதற்கு உருவ வேண்டும். மூன்று வேலன்ஸ் நியோடிமியம் இடத்தில் நான்கு வேலன்ஸ் சீரியம் உட்கார்ந்து காப்பர்-ஆக்சிஜன் தளத்துக்கு எலக்ட்ரான் தருகிறது. இந்தக் கட்டமைப்பில் காப்பருக்கு நேர் மேலேயும் கீழேயும் ஆக்சிஜன் இருக்கக் கூடாது. சின்டர் செய்யும்போது கொஞ்சம் அங்கே ஒட்டிக்கொள்ளும். 1989-ல் டோக்குரா, தகாகி, உச்சிதா கண்டுபிடித்ததும் ஆக்சிஜனைக் குறைத்த மாதிரியில்தான். வெளியேறுவது மிகச் சொற்பம், அதனால் எக்ஸ்ஆர்டியை நம்பி உட்காராதீங்க. அந்தச் சொற்பம் போகாவிட்டால் மீகடத்தலைத் தடுக்கும் எதிர்க்காந்த ஒழுங்கு (பக்கத்துப் பக்கத்துக் காப்பர் காந்தங்கள் எதிரெதிராக நிற்பது) விடாது. சூடாக்கும்போது காப்பர் காலியிடங்கள் நிரம்புவதே காரணம் என்றும் ஒரு கட்சி உண்டு. என் ஓட்டு இந்தக் கட்சிக்குத்தான்; எப்படியானாலும் செய்ய வேண்டியது ஆக்சிஜனை உருவும் அதே சூடாக்கல்தான்.

ஆர்கான் ஓட்டத்தில் 900-950 டிகிரி, 10 முதல் 20 மணி நேரம். ஆர்கான் ஓடும்போதே ஆறவிடுங்க. சூட்டோடு குழாயைத் திறந்தால் ஆக்சிஜன் மறுபடி ஏறிக்கொள்ளும். ரொம்ப இழுத்தாலும் பொருள் சிதைந்துவிடும்.

நொய்யல்கரை:
லேபில் ஆர்கான் இல்லைங்க. கணபதிப் பக்கம் டிக் வெல்டிங் பட்டறைக்குப் போடும் ஆர்கான் சிலிண்டர் ஆகுமா?

பவானி_லேப்:
தொடங்க ஆகும். குழாயின் மறுமுனையை எண்ணெயில் விட்டு, குமிழி விடாமல் வருகிறதா பாருங்க. நின்றால் எங்கோ கசிகிறது. அப்புறம் நியோடிமியம் ஆக்சைடு ஈரம் குடிக்கும், மழைக்காலத்தில் இன்னும் மோசம். சுட்டுவிட்டுத்தானே எடை போட்டீங்க?

நொய்யல்கரை:
ஆமாங்க, 900 டிகிரியில் சுட்டு டெசிகேட்டரில் (ஈரம் புகாத மூடிய கலத்தில்) ஆறவைத்தேன்.

பவானி_லேப்:
சரி, அப்போ கலவையைத் தொட வேண்டாம். அதே பெல்லட்டை உடைத்து, பாதியை மட்டும் ஆர்கானில் வைத்து, இரண்டையும் சேர்த்தே மின்தடை அளக்க அனுப்புங்க. காந்தமாக்கலும் அளப்பதானால் காந்தப்புலமில்லாமல் குளிர்வித்து, 10 ஓர்ஸ்டெட் (காந்தப்புல அலகு) போலச் சின்னப் புலத்தில் எடுக்கச் சொல்லுங்க. பெரிய புலத்தில் நியோடிமியத்தின் சொந்தக் காந்தத்தன்மை எல்லாவற்றையும் அமுக்கிவிடும்.