டெராஃபார்ம் பேக்எண்டில் வேரியபிள்: வழி சொல்லுங்களேன்

வணக்கம் நண்பர்களே. டர்பனிலிருந்து எழுதுகிறேன். எங்கள் சிறு அலுவலகத்தில் டெராஃபார்ம் (கிளவுட் சர்வர் போன்றவற்றைக் கோடு எழுதி உருவாக்கும் கருவி) வேலை இப்போது என் தலையில்.

சனிக்கிழமை பாதி நாள் வீணானது. ரீஜியன் (சர்வர்கள் இருக்கும் இடம்) கேப்டவுன் என்று என்விரான்மென்ட் வேரியபிளில் கொடுத்தேன். பிளான் (என்னென்ன மாறும் என்ற முன்னோட்டம்) போட்டால் எல்லாம் அயர்லாந்தில் உருவாகப் போவதாகக் காட்டுகிறது! தேடிப் பார்த்தால், முன்பு இருந்தவர் விட்டுப்போன ஒரு .ஆட்டோ.டிஎஃப்வார்ஸ் கோப்பு; வேரியபிள் மதிப்புகளை அதிலிருந்து டெராஃபார்ம் தானாகவே எடுத்துக்கொள்ளும். என்விரான்மென்டில் கொடுப்பதை அந்தக் கோப்பு மிஞ்சிவிடும்; அதையும் மிஞ்சுவது கட்டளையோடு சேர்த்து -வார் என்று கொடுக்கும் மதிப்புதான். நல்லவேளை, நிஜமாகவே உருவாக்கும் அப்ளை கட்டளையைத் தட்டவில்லை.

சரி, அது தீர்ந்தது. இப்போது சிக்கல் வேறு. டெஸ்டுக்கு ஒரு ஸ்டேட் பக்கெட் (டெராஃபார்ம் உருவாக்கியவற்றின் பதிவான ஸ்டேட் கோப்பை வைக்கும் கிளவுட் இடம்), புரொடக்‌ஷனுக்கு ஒன்று வேண்டும். அந்த இடத்தைக் குறிக்கும் பேக்எண்ட் பிளாக்கில் வேரியபிள் போட்டால், இங்கே போடக்கூடாது என்று இனிட் என்ற தொடக்கக் கட்டளையிலேயே நின்றுவிடுகிறது. -பேக்எண்ட்-கான்ஃபிக் என்று தனிக் கோப்பு கொடுத்து ஓட்டுகிறேன். ஆனால் டெஸ்டிலிருந்து மாறும்போது மறுபடி இனிட் போட மறந்தால், பழைய பக்கெட்டிலேயே கை வைத்துவிடுவேன். எனக்கு மறதி கொஞ்சம் அதிகம், வீட்டில் கேட்டால் சொல்வார்கள்.

இரண்டுக்கும் தனித்தனி ஃபோல்டர் வைத்து, பொதுவானதை மாட்யூலில் (இரண்டும் பகிரும் கோடு) போடுவதுதான் நல்லதா? டெராஃபார்மிலிருந்து பிரிந்து வந்த ஓபன்டோஃபு கருவியில் 1.8 முதல் பேக்எண்டில் வேரியபிளுக்கு இடம் உண்டு. யாராவது அதற்கு மாறினீர்களா? பழைய ஸ்டேட் சிக்கலில்லாமல் வந்ததா?

அப்புறம் ஒன்று: டேட்டாபேஸ் பாஸ்வேர்டு வேரியபிளுக்கு சென்சிடிவ் போட்டிருக்கிறேன். திரையில் மறைகிறது, ஸ்டேட் கோப்பில் அப்படியே தெரிகிறது. நீங்கள் எங்கே வைக்கிறீர்கள்?