பி.பாம். முடித்தாயிற்று, மருந்தியலில் மேலே படிக்க எது வழி?

உப்புவெளி:
திருகோணமலை டவுனில் ஒரு பாமசியில் இரண்டு வருடமாக வேலை செய்கிறேன். போன மாதம் கிண்ணியாவிலிருந்து ஒரு ஐயா வந்தார். இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் போடுகிறவர். பல்வலிக்கு வேறெங்கோ மெட்ரோனிடசோல் என்ற கிருமிக்கொல்லி மருந்து வாங்கி ஐந்து நாள் சேர்த்துப் போட்டிருக்கிறார். முரசில் இரத்தம், கையெல்லாம் நீலம் பாரித்திருந்தது. உடனே பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினேன், தப்பிவிட்டார். வார்ஃபரினைச் சிதைக்கும் நொதியை மெட்ரோனிடசோல் தடுக்கும், அதனால் வார்ஃபரின் உடலில் கூடி இரத்தம் கசியும், அது தெரியும். ஆனால் அதே இரண்டையும் போட்ட இன்னொருவருக்கு ஏன் ஒன்றும் ஆகவில்லை? அன்றிலிருந்து இதே யோசனைதான். காசு கட்டி முதுமாணி செய்யலாமா? அப்பா கடற்றொழில், பெரிய தொகைக்கு வழியில்லை.

நிலாவெளி அக்கா:
தங்கச்சி, காசு கட்ட வேண்டாம். சி.வை.பி. 2சி9 என்ற அந்த நொதியின் மரபணு ஆளுக்கு ஆள் வேறுபடும். நீங்கள் கேட்டது ஆய்வுக் கேள்வியேதான். முதலில் பல்கலைக்கழக மருந்தியல் துறைகளில் ஆய்வு உதவியாளர் வேலை தேடுங்கள். நான் பேராதனையில் அப்படித்தான் சேர்ந்தேன், சம்பளத்தோடேயே முதுதத்துவமாணிக்கு (எம்.பில்.) பதிந்தேன். முதல் வாரம் 37 பாகை உப்புக் கரைசலில் தொங்கிய குடல் துண்டில், தசையைச் சுருக்கும் நரம்புச் செய்திப் பொருளான அசற்றைல்கோலின் ஒரு துளி விட்டோம், சுருண்டு இழுத்தது. கழுவிவிட்டு, அதைத் தடுக்கும் அத்ரோபின் மருந்தைப் போட்ட பிறகு அதே துளியை விட்டால் அசையவே இல்லை. அன்று பிடித்த ஆசை இன்னும் விடவில்லை.

ஒன்று மட்டும் கவனம்: மேற்பார்வையாளரின் பழைய மாணவர்களிடம் பேசாமல் சேராதீர்கள். என் ஆய்வேட்டின் அத்தியாயம் ஒன்று ஆறு மாதம் என் மேற்பார்வையாளரின் மேசையிலேயே கிடந்தது.

மூதூர்த் தம்பி:
அக்கா சொல்வது சரி, ஆனால் வெளிநாட்டையும் விடாதீர்கள். அமெரிக்காவில் இளமாணியோடேயே நேரே கலாநிதிப் படிப்புக்கு எடுப்பார்கள். மருந்தியல் போன்ற துறைகளில் பெரும்பாலும் கட்டணமில்லை, உதவித்தொகையும் உண்டு. ஐந்து வருடமாவது ஆகும். வீட்டில் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

நிலாவெளி அக்கா:
போகலாம் தம்பி. ஆனால் இங்கேயும் நல்ல ஆய்வு நடக்கிறது. பாம்புக்கடிக்கு விஷமுறிவு மருந்து ஏற்றும்போது வரும் கடும் ஒவ்வாமையை, முன்கூட்டியே போடும் 0.25 மில்லிகிராம் அட்ரினலின் குறைக்கிறது என்று காட்டியது இலங்கை வைத்தியசாலைகளில் ஆயிரம் பேருக்கு மேல் வைத்துச் செய்த ஆய்வு. 2011 இல் வெளிவந்தது. வேலையும் விரிவுரையாளர் பதவியோடு நிற்காது: மருந்து ஒழுங்குபடுத்தல், பக்கவிளைவுக் கண்காணிப்பு, மருத்துவப் பரிசோதனை ஒருங்கிணைப்பு என்று இருக்கிறது.

உப்புவெளி:
நன்றி அக்கா, தம்பி. இன்றிரவே இரண்டு துறைகளுக்கு எழுதுகிறேன். கடிதத்தில் அந்த ஐயாவின் கதையை, பேர் ஊர் இல்லாமல், முதல் பந்தியிலேயே போடலாமா?

நிலாவெளி அக்கா:
போடுங்கள். அனுப்ப முன் எனக்கு ஒருக்கால் காட்டுங்கள்.