பின் டயரில் மட்டும் காற்று இறங்கிக்கொண்டே இருக்கிறது, ஆணி எதுவும் இல்லை

கியர்மாத்தி:
அலாய் வீல், ட்யூப்லெஸ் டயர். பின்னால் 28 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) அடித்தால் பத்தே நாளில் 20-க்கு வந்துவிடுகிறது. முன் டயர் சமத்து, 25 வைத்து மூன்று வாரம் கழித்துப் பார்த்தாலும் 24 காட்டுகிறது. சென்டர் ஸ்டாண்டில் போட்டு டயர் முழுக்கச் சோப்புத் தண்ணீர் தடவி, சக்கரத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன், ஒரு குமிழிகூட வரவில்லை. வளைவில் திரும்பும்போது பின்பக்கம் லேசாக ஆடுவதால்தான் இதையே கவனித்தேன். நைட்ரஜன் அடித்தால் சரியாகிவிடுமா?

பழையவண்டி:
ரப்பர் வழியாகக் கொஞ்சம் காற்று கசியத்தான் செய்யும், மாதத்துக்கு ஒன்றிரண்டு பிஎஸ்ஐ குறைவது சகஜம். உங்கள் முன் டயர் அந்தக் கணக்கில் வருகிறது, பின் டயர் வரவில்லை. ஒரு சந்தேகம், இரண்டு தடவையும் டயர் ஆறியிருக்கும்போதுதான் அளந்தீர்களா? ஓட்டிவிட்டு வந்த சூட்டில் 28 வைத்து, மறுநாள் காலைக் குளிரில் பார்த்தால் குறைவாகத்தான் காட்டும். டயருக்குள் 10 டிகிரி செல்சியஸ் இறங்கினாலே ஏறக்குறைய ஒன்றரை பிஎஸ்ஐ போய்விடும். அதற்காக எட்டு குறையாது, எங்கேயோ கசிவு இருக்கிறது.

வால்வு மூடியைக் கழற்றி, வால்வின் துளைமேல் ஒரு சொட்டு எச்சில் வைத்துப் பாருங்கள் (அசிங்கம்தான், ஆனால் சோப்பைவிடச் சீக்கிரம் தெரியும்). எச்சில் உப்பி வந்தால் வால்வுக்குள் காற்றை அடைத்து நிற்கும் சின்ன ஊசி (வால்வு பின்) தளர்ந்திருக்கிறது, அல்லது அதில் மண் மாட்டியிருக்கிறது.

மழைப்பயணி:
நைட்ரஜனை விடுங்கள் நண்பரே, நாம் அடிக்கும் சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் அதுதான். ஓட்டை இருந்தால் நைட்ரஜனும் அதே ஓட்டை வழியாகத்தான் போகும்.

எனக்கு இதே தொல்லை வந்தபோது ரிம்மும் டயரும் சேரும் விளிம்பில்தான் கசிந்தது. டயரைக் கழற்றிப் பார்த்தால் அலுமினியம் அரித்து, பெயின்ட் உரிந்து, வெள்ளைப் பொடியாக உட்கார்ந்திருந்தது. அதைத் தேய்த்துச் சுத்தம் செய்து மறுபடி மாட்டியதும் நின்றுவிட்டது. இந்த இடத்தில் குமிழி பெரிதாக வராது, நுரை மாதிரி மெல்லப் பூக்கும், ஐந்து நிமிடமாவது பொறுமையாக உட்கார்ந்து பார்க்க வேண்டும். பழைய பஞ்சர் ஒட்டு ஏதாவது இருந்தால் அதையும் பாருங்கள். கசிவு எங்கே என்று தெரியாமல் சீலன்ட் (ஓட்டையை அடைக்கும் திரவம்) மட்டும் ஊற்றிவிடாதீர்கள், அப்புறம் டயரைக் கழற்றும்போது உள்ளே கொழகொழவென்று கிடக்கும்.

பழையவண்டி:
ஆமாம், அதோடு வால்வின் தண்டை விரலால் பக்கவாட்டில் வளைத்துக்கொண்டு சோப்புத் தண்ணீர் விடுங்கள். ரப்பர் தண்டு அடியில் வெடித்திருந்தால் நேராக நிற்கும்போது வெடிப்பு மூடிக்கொள்ளும், வண்டி வேகமாக ஓடும்போதுதான் தண்டு வெளிப்பக்கமாகச் சாய்ந்து திறக்கும். டயரின் வயது என்ன? பக்கவாட்டில் டாட் (DOT) என்ற எழுத்துகளில் தொடங்கும் குறியீட்டின் கடைசியில் நான்கு இலக்கம் இருக்கும், 2219 என்றால் 2019-ஆம் ஆண்டு 22-ஆவது வாரம்.

ஆரஞ்சுஹெல்மெட்:
குறுக்கே வருகிறேன், என்னுடையது ஸ்போக் சக்கரம், ட்யூப் உள்ளது. எனக்கும் இதே கதைதான், வால்வு சரியாக இருக்கிறது.

மழைப்பயணி:
@ஆரஞ்சுஹெல்மெட் அப்படியென்றால் ட்யூபை வெளியே எடுத்துத் தண்ணீரில் முக்கித்தான் பார்க்க வேண்டும். ஸ்போக் முனை உள்ளே நீட்டிக்கொண்டு உரசுகிறதா, ஸ்போக் முனைகளை மூடியிருக்கும் ரிம் டேப் நகர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

கியர்மாத்தி:
பழையவண்டி அண்ணே, எச்சில் சோதனையில் ஒன்றும் வரவில்லை. தண்டை வளைத்ததும் அடியிலிருந்து சரசரவென்று குமிழி! நகத்தால் அழுத்திப் பார்த்தால் சுற்றிலும் முடி மாதிரி வெடிப்பு. புது வால்வு போட்டு நான்கு நாள் ஆகிறது, இன்று காலை வண்டியை எடுப்பதற்கு முன் பார்த்தேன், 28-லேயே நிற்கிறது. டயர் 3518, முன் சக்கர வால்வுக்கும் அதே வயதுதான், அதையும் இந்த வாரமே மாற்றப் போகிறேன்.