‘விகடகவி’யைத் திருப்பினால் ஃபால்ஸ் வருகிறது, எங்கே தவறு?

கேள்வி
வணக்கம். பைதான் என்ற நிரல்மொழி படிக்க ஆரம்பித்து மூன்று வாரம் ஆகிறது. ஒரு சொல்லைத் தலைகீழாக்கி, இரு பக்கமும் ஒன்றுதானா என்று பார்க்கும் பயிற்சி. [::-1] போட்டுத் திருப்பினேன். ஆங்கிலத்தில் ‘லெவல்’ கொடுத்தால் ட்ரூ (சரி). ‘விகடகவி’ கொடுத்தால் ஃபால்ஸ் (தவறு)! அச்சிட்டுப் பார்த்தேன்: முதலில் புள்ளி வட்டத்தின் மேல் ஒரு ‘ி’, அப்புறம் ‘வகடகிவ’. ‘தமிழ்’ கொடுத்தால் தனியாக ஒரு புள்ளி, பிறகு ‘ழிமத’. எழுத்துருவை மாற்றியும் அப்படியேதான் வருகிறது. நேற்று இரவு முழுக்க இதிலேயே போய்விட்டது.

பதில் 1
எழுத்துரு மேல் தவறில்லை தம்பி. ‘தமிழ்’ என்பதற்கு லென் (நீளத்தை எண்ணும் ஃபங்ஷன்) போட்டுப் பாருங்கள், 5 வரும். நமக்கு ‘மி’ ஓர் எழுத்து; கணினி எழுத்துகளைக் குறிக்கும் யூனிகோடு முறையில் அது ‘ம’, அடுத்து ‘ி’ என்று இரண்டு. ‘ழ்’ என்பதும் ‘ழ’, புள்ளி என்று இரண்டு. [::-1] இந்த ஐந்தையும் தனித்தனியாகப் பின்னிருந்து அடுக்குகிறது. ‘ம’வுக்குப் பின்னால் இருந்த ‘ி’ இப்போது ‘ழ’வுக்குப் பின்னால் வந்துவிடுகிறது, ‘ழி’ ஆகிறது. முதலில் எழுத்தெழுத்தாகப் பிரித்து ஒரு லிஸ்டில் (பட்டியலில்) போடுங்கள். அப்புறம் லிஸ்டைத் திருப்பி ஒட்டுங்கள்.

கேட்டவர்
நன்றி அண்ணா. பைதானின் யூனிகோடுடேட்டா தொகுப்பில் ‘கம்பைனிங்’ என்று ஒரு ஃபங்ஷன் இருந்தது. அது பூச்சியம் இல்லை என்றால் முந்தைய எழுத்தோடு சேர்க்கச் சொன்னேன். ‘ழ்’ சரியாக வருகிறது, ‘மி’ மட்டும் இன்னும் உடைகிறது.

பதில் 2
இதில் நானும் ஒருமுறை சிக்கியிருக்கிறேன். கம்பைனிங் புள்ளிக்கு 9 தரும். ஆனால் ‘ி’, ‘ு’, ‘ே’ போன்ற உயிர்க்குறிகளுக்கு 0 தான் தரும். அதனால் தமிழுக்கு அது உதவாது. அதே தொகுப்பில் எழுத்தின் வகையைச் சொல்லும் ‘கேட்டகரி’யைப் பயன்படுத்துங்கள், அதன் விடை ‘எம்’மில் தொடங்கினால் அது ஒட்ட வேண்டிய குறி. அதுவும் வேண்டாம் என்றால் ா ி ீ ு ூ ெ ே ை ொ ோ ௌ என்ற 11 குறிகளையும் புள்ளியையும் ஒரே சரமாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சொல்லில் வருவது அந்தச் சரத்தில் இருந்தால் லிஸ்டின் கடைசி உறுப்போடு ஒட்டுங்கள். இல்லாவிட்டால் புது உறுப்பாகச் சேருங்கள். ஆரம்பத்தில் இந்த வழிதான் நல்லது, என்ன நடக்கிறது என்று கண்ணுக்குத் தெரியும்.

கேட்டவர்
12 குறிகளை எழுதிச் செய்தேன். விகடகவி ட்ரூ! ‘தமிழ்’ இப்போது ‘ழ்மித’. ஆனால் ‘தேரு வருதே’ ஃபால்ஸ் என்கிறது.

பதில் 2
நடுவில் இடைவெளி இருக்கிறதே. திருப்பினால் ‘தேருவ ருதே’ ஆகிவிடும். ஒப்பிடும் முன் ‘ரிப்ளேஸ்’ போட்டு இடைவெளியை எடுத்துவிடுங்கள். இன்னொன்று, ‘பக்ஷி’ இந்த முறையில் ‘ஷிக்ப’ என்று வரும். ‘க்ஷ’வை ஓரெழுத்தாக எண்ண வேண்டுமானால் அதற்குத் தனியாக ஒரு நிபந்தனை எழுத வேண்டும்.

கேட்டவர்
இடைவெளியை எடுத்ததும் ட்ரூ வந்துவிட்டது. ‘க்ஷ’வை இன்று மாலை முயன்று பார்க்கிறேன். இருவருக்கும் மனமார்ந்த நன்றி.