மூன்று ரெப்போ, ஒரே இன்ஸ்டாலர்: மெர்ஜ் செய்ததும் எல்லாம் மோதுகிறது, உதவி வேண்டும்

ரோஸ்ஹில் டீச்சர்:

வணக்கம். மொரீஷியஸில் மாலை நேரத் தமிழ் வகுப்புப் பிள்ளைகளுக்காக விண்டோஸில் போடும் தொகுப்பு ஒன்றைத் தயார் செய்கிறேன். விசைப்பலகை, எழுத்துரு, பாடங்கள் என்று மூன்று கிட் ரெப்போ (ஃபைல்களும் அவற்றின் மாற்ற வரலாறும் சேர்ந்த களஞ்சியம்). விசைப்பலகைக்கு மட்டும் ஏற்கெனவே இன்னோ செட்டப் என்ற கருவியில் இன்ஸ்டாலர் செய்து கொடுத்தாயிற்று, பல வீடுகளில் ஓடுகிறது. இங்கே பெற்றோர் பலருக்கு வீட்டில் கிரியோலும் பிரெஞ்சும்தான். மூன்று செட்டப்பை வரிசையாகப் போடச் சொன்னால் பாதியிலேயே விட்டுவிடுவார்கள். அதனால் ஒரே ஃபைலாக வேண்டும்.

புது ரெப்போவில் மூன்றையும் ரிமோட்டாகச் சேர்த்து மெர்ஜ் (ஒன்றாக இணை) கொடுத்தால், வரலாறுகளுக்குச் சம்பந்தமில்லை என்று கிட் மறுக்கிறது. 'அலோ அன்ரிலேட்டட் ஹிஸ்டரீஸ்' போட்டால் ஏற்கிறது, ஆனால் ரீட்மீயும் செட்டப் ஸ்கிரிப்டும் எல்லாவற்றிலும் ஒரே பெயரில் இருப்பதால் கான்ஃப்ளிக்ட். 1.0 என்ற டேக்கும் (பதிப்பைக் குறிக்கும் பெயர்) மூன்றிலும் உண்டு, முதலில் வந்ததுதான் நிற்கிறது.

இன்னொன்று: ஸ்கிரிப்டில் நான் தமிழில் எழுதிய வரவேற்பு வரி, இன்ஸ்டாலரில் கிரேவ் குறி போட்ட பிரெஞ்சு 'ஆ'வும் வட்டத்துக்குள் 'ஆர்' குறியுமாக வருகிறது.

டர்பன் பில்டர்:

டீச்சர், அந்த மறுப்பு கிட் 2.9இல், 2016இல் வந்தது. தெரியாமல் வேறு ரெப்போவை இழுத்துக் கலந்துவிடாமல் இருக்கத்தான். ஆப்ஷன் அனுமதி மட்டும் தருகிறது, ஃபைல்களை ஒதுக்கி வைக்காது.

மெர்ஜுக்கு முன்னாலேயே ஒவ்வொரு ரெப்போவையும் அதனதன் ஃபோல்டருக்குள் தள்ளிவிடுங்கள். கிட் ஃபில்டர் ரெப்போ என்ற கருவியில் 'டு சப்டைரக்டரி ஃபில்டர்' இருக்கிறது, கூடவே 'டேக் ரீநேம்' கொடுத்தால் 1.0 என்பது விசை-1.0, பாடம்-1.0 என்று பிரிந்துவிடும். புதிதாகக் குளோன் செய்த நகலில் செய்யுங்கள், பழையதில் ஓட்டினால் அதுவே மறுக்கும். கமிட் ஹேஷ்கள் (பதிந்த ஒவ்வொரு மாற்றத்தின் அடையாளக் குறி) எல்லாம் மாறும், பழைய ரெப்போவைத் தொடாமல் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு ரெப்போவை இன்னொன்றின் ஃபோல்டராகச் சேர்க்கும் சப்ட்ரீயும் உண்டு. ஆனால் ஃபோல்டர் பாதையைக் கொடுத்து லாக் பார்த்தால் சேர்த்த இடத்தோடு நின்றுவிடும். ஒரு பாடத்தை எப்போது, ஏன் திருத்தினோம் என்று பிறகு தேடுவீர்கள், அதனால் ஃபில்டர் ரெப்போதான் என் கட்சி.

போர்ட் லூயி வாசகர்:

ஒரு கேள்வி. எழுத்துருவை நீங்களே திருத்துகிறீர்களா?

ரோஸ்ஹில் டீச்சர்:

இல்லை, அது வெளியாரின் திறந்த எழுத்துரு. அவர்கள் மாற்றும்போது எடுத்துக்கொள்வோம்.

போர்ட் லூயி வாசகர்:

அப்போது அதைக் கலக்காதீர்கள். அவர்கள் வரலாற்றை நீங்கள் ஏன் சுமக்க வேண்டும்? சப்மாடியூலாக (வேறு ரெப்போவைச் சுட்டும் ஃபோல்டராக) வைத்து ஒரு குறிப்பிட்ட கமிட்டில் நிறுத்துங்கள், நேரம் வரும்போது நகர்த்தலாம். குளோன் செய்யும்போது 'ரிகர்ஸ் சப்மாடியூல்ஸ்' சேர்க்க மறந்தால் அந்த ஃபோல்டர் காலியாக இருக்கும், பொருந்தும் ஃபைல் இல்லை என்று இன்னோ செட்டப் கம்பைல் செய்யாமல் நிற்கும். பிழை ஸ்கிரிப்டில் என்று நினைத்து அங்கே தேடாதீர்கள்.

தமிழ் எழுத்து கெட்டது என்கோடிங் (எழுத்துக் குறியேற்றம்) விஷயம். யூடிஎஃப்-8இல் தமிழின் யூனிகோட் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட். அதை மேற்கு ஐரோப்பிய குறியேற்றமாகப் படித்தால் முதல் பைட் அந்த பிரெஞ்சு 'ஆ'. பழைய கம்பைலர்கள் பிஓஎம் (ஃபைல் தொடக்கத்தில் குறியேற்றத்தைக் காட்டும் குறி) இல்லாத ஸ்கிரிப்டை அப்படித்தான் எடுக்கும். யூடிஎஃப்-8, பிஓஎம் உடன் சேமியுங்கள்.

டர்பன் பில்டர்:

அப்புறம் ஆப்ஐடி, அதாவது ஸ்கிரிப்டில் நிரலுக்குக் கொடுக்கும் அடையாளம். புது ஸ்கிரிப்டில் வேறு ஆப்ஐடி இருந்தால் விண்டோஸ் இதைத் தனி நிரலாகப் பார்க்கும், பழைய விசைப்பலகையும் பட்டியலில் அப்படியே இருக்கும். அதை எழுதாமல் விட்டால் நிரலின் பெயரையே எடுத்துக்கொள்ளும், பெயர் மாறினால் அதுவும் மாறிப்போகும். விசைப்பலகை ஸ்கிரிப்டில் இருப்பதை அப்படியே வையுங்கள். சோர்ஸ் பாதைகள் ஸ்கிரிப்ட் இருக்கும் ஃபோல்டரிலிருந்து கணக்காகும் என்பதால், ஸ்கிரிப்டை ரெப்போவின் மேல்மட்டத்தில் போட்டுவிட்டுப் பாதைகளில் ஃபோல்டர் பெயரைச் சேருங்கள்.

ரோஸ்ஹில் டீச்சர்:

விசைப்பலகையும் பாடங்களும் கலந்தாயிற்று, எழுத்துரு சப்மாடியூலில். வரவேற்பு வரி தமிழில் வருகிறது. விசைப்பலகை ஏற்கெனவே இருந்த கணினியில் போட்டுப் பார்த்தேன், நிரல் பட்டியலில் ஒன்றுதான் நிற்கிறது. மிக்க நன்றி.