மறு: ‘மவுண்ட்’ என்பதற்கு ‘ஏற்று’ வேண்டாம், ‘மாட்டு’ என்போம்

நண்பர்களுக்கு வணக்கம். லினக்ஸ் இயங்குதளத்தின் திரைச்செய்திகளைத் தமிழாக்கும் நம் குழுவில் வந்த கருத்துகளுக்கு இது என் பதில். ‘லோட்’ என்பது ஒரு நிரலை நினைவகத்துக்குக் கொண்டுவருவது; ‘மவுண்ட்’ என்பது ஒரு வட்டுப் பிரிவைக் கோப்பு மரத்தில் இணைத்துப் பயன்படுத்தத் தருவது.

> லோட், மவுண்ட் இரண்டுக்கும் ‘ஏற்று’ போதும். எந்த இடத்தில் வருகிறது என்பதை வைத்துப் பயனர் புரிந்துகொள்வார்.

புரிந்துகொள்ளவில்லை. போன வாரம் வீட்டுக் கணினியில் விண்டோஸை அப்படியே விட்டுவிட்டுப் பக்கத்தில் லினக்ஸ் நிறுவினேன். நம் வரைவு மொழிபெயர்ப்பையும் அதில் போட்டிருந்தேன். மறுநாள் அண்ணன் மகள், தன் படங்கள் இருக்கும் விண்டோஸ் பிரிவைத் திறக்கப் பார்த்திருக்கிறாள். ‘வட்டுப் பிரிவை ஏற்ற முடியவில்லை’ என்று திரையில் வந்தது. “சித்தப்பா, படம் எதுவும் ஏறலையாம். அப்ப எல்லாம் போயிடுச்சா?” என்று ஓடி வந்தாள்.

அவள் தமிழைச் சரியாகத்தான் படித்திருக்கிறாள். வண்டியில் மூட்டையை ஏற்றினால் மூட்டை இடம் மாறுகிறது. ஏறவில்லை என்றால் மூட்டை வந்து சேரவில்லை. மவுண்ட் செய்யும்போது எதுவும் இடம் மாறுவதில்லை. கோப்புகள் அந்தப் பிரிவிலேயேதான் இருக்கின்றன. நம் கோப்பு மரத்தில் ஓர் அடைவைக் (ஃபோல்டரை) காட்டி, ‘அந்தப் பிரிவு இந்த இடத்தில் தெரியட்டும்’ என்று இயங்குதளத்தின் மையமான கர்னலிடம் சொல்கிறோம், அவ்வளவுதான்.

உண்மையில் நடந்தது வேறு. 2012இல் விண்டோஸ் 8உடன் வந்த வேகத் தொடக்க வசதி இயக்கத்தில் இருந்தால், ‘ஷட் டவுன்’ கொடுத்தாலும் கணினி முழுதாக மூடுவதில்லை. கர்னலின் நிலையை வட்டில் எழுதிவைத்துவிட்டு அணைகிறது. அந்த நேரத்தில் லினக்ஸ் அதே பிரிவில் எதையாவது எழுதினால், விண்டோஸ் விழித்ததும் அதன் நினைவில் இருப்பது ஒன்று, வட்டில் இருப்பது இன்னொன்று என்றாகிக் கோப்புகள் கெடலாம். அதனால்தான் விண்டோஸ் பிரிவுகளின் கோப்பு முறைமையான என்டிஎஃப்எஸ்ஸைக் கையாளும் லினக்ஸ் இயக்கி (டிரைவர்) மறுக்கிறது. அந்த வசதியை அணைத்துவைக்க நான் மறந்திருந்தேன். விண்டோஸுக்குள் போய் அணைத்து, முழுதாக மூடிவிட்டு வந்ததும் படங்கள் எல்லாம் தெரிந்தன. படங்களைக் காப்பாற்ற வந்த செய்தி, அவை போய்விட்டதாக ஒரு குழந்தையிடம் சொல்லியிருக்கிறது. அதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

இன்னொன்று. கணினி துவங்கும்போது, துவக்க ஏற்றியான குரப் கர்னலை ஏற்றுகிறது; கர்னல் இயக்கிக் கூறுகளை ஏற்றுகிறது; அப்புறம் கோப்பு மரத்தின் அடியான வேர்க் கோப்பு முறைமை மவுண்ட் ஆகிறது. மூன்றுக்கும் ஒரே வினை என்றால் எந்தப் படியில் நின்றது என்று எப்படிச் சொல்வது? கர்னலே ஏறவில்லை என்றால் குரப்பைப் பார்க்க வேண்டும். கர்னல் ஏறிவிட்டது, வேர் மவுண்ட் ஆகவில்லை என்றால் வேர்ப்பிரிவின் அடையாள எண்ணான யூயூஐடியையும், துவக்கத்தில் மட்டும் பயன்படும் தற்காலிகக் கோப்பு முறைமையான இனிட்ராம்எஃப்எஸ்ஸையும் பார்க்க வேண்டும். வைத்தியம் வேறு வேறு.

> ‘பொருத்து’ சிலர் பயன்படுத்துவதுதானே?

ஆமாம், எனக்கும் பிடித்த சொல். ஆனால் பிழைச்செய்தியில் போட்டுப் பாருங்கள். ‘பொருத்த முடியவில்லை’ என்பதைப் புதியவர் ‘பொருந்தவில்லை’ என்றே எடுத்துக்கொள்வார். லினக்ஸுக்கும் இந்த வட்டுக்கும் ஒத்துவராது போல என்று நினைத்து ஃபார்மட் செய்துவிட்டால் திரும்ப வராது. என்டிஎஃப்எஸ்ஸில் படிக்கவும் எழுதவும் முழு வசதியுள்ள இயக்கி 2021இல் வந்த 5.15 கர்னலிலேயே சேர்ந்துவிட்டது. பொருத்தம் இங்கே சிக்கலே இல்லை.

> ‘ஒட்டு’? ஒட்டுச்செடி மாதிரி.

மரத்தில் இன்னொரு கிளையை ஒட்டுவது. இதைவிடத் தெளிவான படிமம் கிடைக்காது. ஆனால் நகலெடு, வெட்டு, ஒட்டு என்று அது வேறு வேலைக்குப் போய்விட்டது. ஒட்டிய கிளையை வேண்டும்போது எடுக்கவும் முடியாது.

என் பரிந்துரை: மவுண்ட் – மாட்டு, அன்மவுண்ட் – கழற்று.

ஒயர் சரியாக இல்லையென்றால் “கழற்றி மாட்டிப் பார்” என்கிறோம். இரண்டும் இணைபிரியாத சொற்கள். ஒன்றைக் கற்றால் மற்றது தானாக வரும். லினக்ஸுக்கு முன்னோடியான யூனிக்ஸில் 1971இல் வந்த முதல் கையேட்டிலிருந்தே அன்மவுண்ட் கட்டளை ‘n’ என்ற ஓர் எழுத்துக் குறைந்து ‘யூமவுண்ட்’ (umount) என்றுதான் இருக்கிறது. புதிதாக வருகிறவர் எவரும் முதலில் தவறாகத்தான் அடிக்கிறார். நமக்கு அந்தத் தொல்லை வேண்டாம்.

பேச்சுச்சொல் போல இருக்கிறது என்று ஒருவர் தயங்கியிருந்தார். தொல்காப்பியச் செய்யுளியல் சொல்லும் 34 உறுப்புகளில் ‘மாட்டு’ ஒன்று. பொருள் தள்ளிக் கிடந்தாலும் அருகே கிடந்தாலும் கொண்டுவந்து சேர்த்து முடிப்பது என்று அதற்கு விளக்கம். அருகே இருக்கும் வட்டையும் மாட்டலாம், வலையமைப்பில் தள்ளி இருக்கும் வட்டையும் மாட்டலாம் என்பதற்கு இதைவிட வேறென்ன சான்று?

மவுண்ட் பாயின்டுக்கு, அதாவது பிரிவு வந்து தெரியும் அடைவுக்கு, ‘மாட்டிடம்’ வேண்டாம், மாட்டைக் குறிப்பதாகிவிடும். ‘மாட்டுமிடம்’ சரியாக இருக்கும். எஃப்எஸ்டேப் (fstab) கோப்பையும் எளிதாக விளக்கலாம்: எதை, எங்கே, எப்படி மாட்டுவது என்பதன் பட்டியல். அதில் யூயூஐடி தவறாக இருந்தால், துவக்கத்தை நடத்தும் நிரலான சிஸ்டம்டி வழக்கமாக 90 நொடி காத்திருந்துவிட்டு அவசரநிலைக்குப் போய்விடும். ‘மாட்ட வேண்டிய வட்டைக் காணவில்லை’ என்று செய்தி வந்தால் எந்த வரியைத் திருத்துவது என்று உடனே தெரியும்.

> ‘கழற்று’ என்றால் பென்டிரைவைப் பிடுங்கிவிட மாட்டார்களா?

இந்தக் கேள்விதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. நாம் சேமித்தது நினைவகத்திலேயே காத்துக்கொண்டிருக்கலாம்; கழற்றும்போதுதான் மிச்சமெல்லாம் வட்டில் எழுதப்படுகிறது. முன்பே பிடுங்கினால் கோப்பு போச்சு. கையால் செய்வதை ‘உருவு’ என்று பிரித்துவிடலாம் என்பது என் எண்ணம். ‘இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறது, உருவாதீர்கள்’, ‘கழற்றியாயிற்று, இனி உருவலாம்’ என்று இரண்டு செய்திகளும் அடுத்தடுத்து வந்தால் குழப்பம் இருக்காது. கழற்ற மறுக்கும்போது வருவதை ‘ஏதோ ஒரு நிரல் இந்த இடத்தைப் பயன்படுத்துகிறது, கழற்ற முடியவில்லை’ என்று முழு வாக்கியமாகவே எழுதிவிடலாம்.

மவுண்ட் முறையை மாற்றும் ரீமவுண்ட்டுக்கு மட்டும் எனக்கு இன்னும் சொல் அமையவில்லை. ‘கழற்றிமாட்டு’ என்று எழுதிவிட்டு நேற்று நானே அடித்துவிட்டேன். அங்கே கழற்றுவதே நடப்பதில்லை. மாட்டியபடியே இருக்க, படிக்க மட்டும் என்றிருந்ததை எழுதவும் என்று மாற்றுகிறோம். ‘மாட்டுமுறை மாற்று’ வரைக்கும் வந்திருக்கிறேன், நீளமாகத் தெரிகிறது. வேறு ஏதாவது தோன்றினால் எழுதுங்கள்.