மறு: அப்ஸ்ட்ரீமுக்குத் தமிழில் என்ன? (மென்பொருள் அட்டவணை, நான்காம் கட்டம்)

> ஸ்ட்ரீம் ஓட்டம், அப் மேல். 'மேலோட்டம்' என்று போட்டுவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போகலாமே?

போக முடியாது ஐயா. 'மேலோட்டமாகப் பார்த்தேன்' என்றால் சரியாகப் பார்க்கவில்லை என்றுதானே பொருள்? அப்ஸ்ட்ரீம் என்பது ஒரு மென்பொருள் உண்மையில் எங்கே பிறக்கிறது என்று சொல்லும் கட்டம், அதற்கு அந்தத் தலைப்பு வைத்தால் படிப்பவர் சிரிப்பார். 'மேற்போக்கு'க்கும் இதே கதிதான்.

> சரி, 'மூலம்'?

அது ஏற்கெனவே மூலநிரலிலும் திறமூலத்திலும் மாட்டிக்கொண்டிருக்கிறது. நம் அட்டவணையில் மூன்றாம் கட்டமே 'மூலநிரல் முகவரி'. அதற்குப் பக்கத்திலேயே 'மூலம்' என்றால் நிரப்புகிறவர் ஒரே முகவரியை இரண்டு முறை ஒட்டிவிட்டுப் போய்விடுவார். முதல் நாற்பது பதிவுகளைச் சரிபார்த்தபோது பாதிக்கு மேல் அப்படித்தான் இருந்தன. அதனால்தான் இவ்வளவு மெனக்கெடுகிறேன்.

இந்தக் கட்டம் இல்லாமல் அட்டவணையே நிற்காது. அப்பாச்சி வலை வழங்கியை எடுத்துக்கொள்ளுங்கள். டெபியனும் ஃபெடோராவும் லினக்ஸ் வழங்கல்கள், பிறர் எழுதிய மென்பொருளைப் பொதியாகக் கட்டித் தருபவை. டெபியனில் அதன் பொதிக்குப் பெயர் அப்பாச்சி2, ஃபெடோராவில் எச்டிடிபிடி. பெயரை மட்டும் வைத்துத் தேடினால் இரண்டு மென்பொருள் என்று எண்ணிவிடுவோம். இரண்டுக்கும் நீர் வரும் இடம் ஒன்று என்று தெரிந்தால்தான் ஒரே பதிவில் சேர்க்க முடியும். பதிப்பு எண்ணிலும் இதே கதை. டெபியனில் 5.6.1-1 என்று இருந்தால் கடைசிக் கோட்டுக்கு முன்னால் உள்ளது உருவாக்கியவர் கொடுத்த எண், பின்னால் உள்ளது டெபியன் சேர்த்தது. இதை விளக்கக்கூட நமக்கு ஒரு சொல் வேண்டும்.

என் பரிந்துரை: மேல்மடை. எதிர்ச்சொல் கீழ்மடை.

பாசனத்தில் தலைமடை, கடைமடை என்ற சொற்கள் எல்லோருக்கும் தெரியும். மேலே திறந்துவிட்டது கீழே வரும், மேலே அடைத்தால் கீழே காயும், மேலே கலந்தது கீழே குடிக்கக் கிடைக்கும். 2024 மார்ச் இறுதியில் வெளிச்சத்துக்கு வந்த, எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்கும் மென்பொருளின் விவகாரம் அப்படியே இதுதான். 5.6.0, 5.6.1 வெளியீடுகளில் யாரோ பின்கதவு வைத்தார்கள். அதை இயக்கிவிடும் வரிகள் எல்லோரும் பார்க்கும் கிட் நிரல் களஞ்சியத்தில் இல்லை, வெளியீட்டுக்கென்று கட்டித் தரும் சுருக்கக் கோப்பில் மட்டும் இருந்தன. டெபியனின் சோதனைக் கிளைகளுக்கும் ஃபெடோராவின் வளர்ச்சிக் கிளையான ராஹைடுக்கும் அந்தத் தண்ணீர் வந்து சேர்ந்துவிட்டது. கீழ்மடையில் யாரும் தப்பு செய்யவில்லை.

> அப்படியென்றால் நேராகத் தலைமடை என்றே வைக்கலாமே? அழகான, பழகிய சொல். எதற்குப் புதிதாக ஒன்று?

முதலில் நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் தலைமடை ஒன்றுதான் இருக்க முடியும். அப்ஸ்ட்ரீம் அப்படி இல்லை, நிற்கும் இடத்தைப் பொறுத்து மாறும். வழங்கல்களிலேயே பாருங்கள்: லினக்ஸ் மின்டுக்கு உபுண்டு மேல்மடை, உபுண்டுவுக்கு டெபியன் மேல்மடை, டெபியனுக்கு ஒவ்வொரு மென்பொருளின் உருவாக்குநரும் மேல்மடை. டெபியன் ஒரே நேரத்தில் மேலேயும் இருக்கிறது, கீழேயும் இருக்கிறது. ஆங்கிலத்தில் இரண்டு பொருளுக்கும் ஒரே சொல்லை வைத்து ஓட்டுகிறார்கள். நாமும் ஒன்றோடு நிற்க வேண்டிய கட்டாயம் இல்லை. நம் கட்டத்தை இரண்டாகப் பிரிக்கலாம்: 'மேல்மடை' என்றால் இந்தப் பொதி நேரடியாக எங்கிருந்து எடுக்கப்பட்டது, 'தலைமடை' என்றால் அது முதலில் எங்கே எழுதப்படுகிறது. பல பதிவுகளில் இரண்டும் ஒன்றாகவே இருக்கும். இருக்கட்டும்.

———

> மடை நல்ல சொல்தான். மடையன் நினைவுக்கு வருகிறான், பரவாயில்லை. ஆனால் ஒட்டு (பேட்ச், அதாவது நிரல் திருத்தம்) கீழிருந்து மேலே போகிறதே? தண்ணீர் மேலே ஏறாதே. அப்புறம், கிளைத்துப் பிரிந்தவற்றை என்ன செய்வீர்கள்? 2010-இல் ஓப்பன்ஆஃபிஸிலிருந்து பிரிந்த லிப்ரேஆஃபிஸுக்குத் தலைமடை எது?

தண்ணீர் ஏறும். ஏற்றம் இறைத்தால் ஏறும். 'ஒட்டை மேல்மடைக்கு ஏற்றினேன்' என்று எழுதிப் பார்த்தேன், காதுக்கு உறுத்தவில்லை. பதிவேற்றத்தோடு குழம்புமோ என்ற சிறு சந்தேகம் மட்டும் உண்டு. குழம்பினால் 'அனுப்பு' போதும்.

லிப்ரேஆஃபிஸ் கேள்வி நியாயமானது. என் கணக்கில் அது தனக்கென்று வாய்க்கால் வெட்டிக்கொண்டுவிட்டது, ஆகவே அதற்கு அதுவே தலைமடை. எங்கிருந்து பிரிந்தது என்பதைக் குறிப்புக் கட்டத்தில் எழுதுவோம். 2009-இல் மைஎஸ்க்யூஎல் தரவுத்தள மென்பொருளிலிருந்து பிரிந்த மரியாடிபிக்கும் அப்படியே. பிரிந்தவர் இன்னும் பழைய இடத்திலிருந்து மாற்றங்களை ஒழுங்காக எடுத்துக்கொண்டிருந்தால் மட்டும் பழையதை மேல்மடை என்று போடலாம்.

எனக்கு இதைவிடத் தொல்லை தருபவை செத்துப்போன முகவரிகள். ஃபிரெஷ்மீட் என்று 1997-இல் தொடங்கிய மென்பொருள் பட்டியல், ஃபிரீகோட் என்று பெயர் மாறி, 2014-இல் புதுப்பிக்கப்படாமல் நின்றது. நிரல்களை வைத்துக்கொள்ள இடம் தந்த கூகுள் கோட் 2016-இல் மூடப்பட்டது. பழைய பட்டியல்களிலிருந்து நாம் எடுத்த இணைப்புகளில் பல அந்த இரண்டு இடங்களுக்கும்தான் போகின்றன. நிரல் தொலைந்துவிடவில்லை, கூகுள் கோடில் இருந்தவற்றைச் சாஃப்ட்வேர் ஹெரிட்டேஜ் காப்பகம் எடுத்து வைத்திருக்கிறது. ஆனால் அங்கே புதிதாக எதுவும் ஊறாது, அதை மேல்மடை என்று போடுவது ஏமாற்று. இப்படிப்பட்ட பதிவுகளுக்குத் 'தூர்ந்த மடை' என்று நிலை கொடுத்து, காப்பக முகவரியைத் தனியே தரலாம் என்கிறேன். பராமரிப்பாளர் இல்லாத பொதி வேறு விஷயம், அதற்கு ஏற்கெனவே 'ஆளில்லாதது' என்று வைத்திருக்கிறோம். இரண்டையும் கலந்துவிட வேண்டாம்.

———

> தூர்ந்த மடைக்கு என் ஆதரவு. பிறகு யாராவது தூர்வாரினால்?

தூர்வாரியவரின் முகவரி மேல்மடையில் ஏறும். தலைமடை பழையபடியே இருக்கும். நாற்பது பதிவுகளையும் இந்த முறையில் மாற்றி இன்றிரவு ஏற்றுகிறேன், ஒரு பத்தையாவது பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.